இமாட்டினிப் மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 54. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பதினைந்து மா நிலத்தில் சாகுபடி செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வயிற்றின் இடப்பக்கம் கனமாக இருக்கிறதென்று காட்டப் போனபோது வெள்ளையணுக்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்று முதல் தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் சாப்பிடுகிறார். இப்போது அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. வயல் வேலையும் பார்க்கிறார். நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ரத்தத்தில் அளக்கும் பிசிஆர்-ஏபிஎல் சோதனையில் ஒன்றரை ஆண்டு முடிவில் 0.08 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 0.02, சென்ற மாதம் 0.05 என்று வந்தது. இந்த மருந்தைக் கொண்டுவந்த டாக்டர் பிரையன் ட்ரக்கரின் கட்டுரைகளையும், மருந்தை நிறுத்திப் பார்த்த ஐரோப்பிய ஆய்வுகளின் சுருக்கங்களையும் படித்து அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை என்று கேட்டதிலிருந்து "நானும் நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். நடவு, அறுவடை நாட்களில் ஏற்கெனவே மாத்திரையைத் தவறவிடுகிறவர் அவர். பெரியப்பா ஒரு சூரணமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பயிருக்கு மருந்தடித்ததால் இந்த நோய் வந்ததா என்பதும், தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது பரம்பரை நோயா என்பதும் வீட்டில் பெரிய கேள்விகளாக இருக்கின்றன.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா இப்போது மாத்திரையை நிறுத்தக் கூடாது. நீங்கள் படித்த ஆய்வுகள் உண்மையானவை. நீங்கள் அவற்றைத் தவறாகப் படிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் மருந்தை நிறுத்தியவர்கள் நின்ற இடத்துக்கு உங்கள் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று எண்களே இதைச் சொல்கின்றன. அதோடு, நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், தவறவிட்ட மாத்திரைகளைப் பற்றியும் அந்த 0.05ஐப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. என் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் இந்த மருந்து என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லாப் பதில்களும் அதிலிருந்துதான் வருகின்றன. இந்த நோய் உள்ளவர்களின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டார்கள். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டதால் உண்டானதே அது என்பதை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அப்படி மாறி ஒட்டிய இடத்தில்தான் பிசிஆர்-ஏபிஎல் என்ற புதிய மரபணு உருவாகிறது. அது தயாரிக்கும் புரதம், வெள்ளையணுக்களை ஓயாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகனில் பணியாற்றிய ட்ரக்கர், சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனும் அவருடைய குழுவினரும் உருவாக்கியிருந்த வேதிப்பொருள்களைச் சோதித்து, அவற்றில் ஒன்று இந்தப் புரதம் உள்ள அணுக்களை அழித்து, நல்ல அணுக்களைப் பெருமளவு விட்டுவிடுகிறது என்று 1996இல் வெளியிட்டார். 1998இல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2001இல் வெளியான கட்டுரையில், 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை முழுமையாகச் சீரடைந்ததாக எழுதினார். அதற்கு முன்பு இந்த நோயோடு வந்தவர்களிடம் சில ஆண்டுகளைத் தவிர வேறெதையும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் மருத்துவர்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால், மருத்துவக் கட்டுரைகளில் இப்படி ஓர் எண் எவ்வளவு அரிது என்பது விளங்கும். 1,106 பேரைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் பதினோராண்டு முடிவுகள் 2017இல் வந்தன. இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் பத்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் 83 சதவீதம் என்று அது மதிப்பிட்டது. உங்கள் அப்பா வயலில் இறங்கி வேலை பார்ப்பது இந்தப் பணியின் பலன்தான்.

ஆனால் இமாட்டினிப் அந்தப் புரதத்தைத் தடுத்து நிறுத்துகிறதே தவிர, அதை உண்டாக்கும் மரபணுவை அணுக்களிலிருந்து எடுத்துவிடுவதில்லை. மருந்து ரத்தத்தில் போதிய அளவு இருக்கும் வரையில்தான் தடுப்பு இருக்கும். உட்கொண்ட மருந்தின் அளவு ஏறத்தாழ பதினெட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. தினமும் சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எலும்பு மஜ்ஜையின் ஆழத்தில் இருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களில் சில, மருந்து இருந்தாலும் சாகாமல் உறங்கிக் கிடக்கின்றன. உங்கள் அப்பாவிடம் கோரையைச் சொல்லிப் பாருங்கள். மேலே உள்ள தாளை எத்தனை முறை அறுத்தாலும், சேற்றுக்குள் கிழங்கு கிடக்கும் வரை வயல் சுத்தமாகிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்ற அறிக்கை, வரப்பில் நின்று பார்த்தால் கோரை தெரியவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

கிழங்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் பிசிஆர்-ஏபிஎல் சோதனை அளக்கிறது. உலகம் முழுவதும் ஒரே அளவுகோலில் பேசுவதற்காக, சிகிச்சை தொடங்கும் நேரத்துச் சராசரி அளவை நூறு என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் பத்துக்குள், ஆறு மாதத்தில் ஒன்றுக்குள், ஓராண்டில் 0.1க்குள் வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். 0.05 என்பது அந்தத் தொடக்க அளவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது நல்ல நிலைதான், மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் நோய் தெரியவரும் நேரத்தில் உடலில் லட்சம் கோடி அளவுக்கு நோயணுக்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டால், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்பது ஐம்பது கோடி. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "ஒன்றுமில்லை" என்று அவர் நினைக்கும் நிலையில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நிறுத்திப் பார்த்த ஆய்வுகளுக்கு வருகிறேன். பிரான்சில் ஃபிரான்சுவா-சேவியர் மஹோன் தலைமையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் நூறு பேர் மருந்தை நிறுத்தினார்கள். அந்த நூறு பேரும் குறைந்தது இரண்டு ஆண்டுகளாகச் சோதனையில் பிசிஆர்-ஏபிஎல் தென்படாமலே இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிலேயே, ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருப்பதற்கான வாய்ப்பு 41 சதவீதம் என்றுதான் அவர்கள் கண்டார்கள். திரும்பியவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் முதல் ஆறு மாதங்களுக்குள் திரும்பிவிட்டது. 2018இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வு 750க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. அதில்தான் இரண்டாண்டு முடிவில் ஐம்பது சதவீதம் என்ற எண் வருகிறது. அதில் சேர்வதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும். அதோடு ஓராண்டாவது 0.01 சதவீதத்துக்குக் கீழேயே நின்றிருக்க வேண்டும். ஆய்வின் சுருக்கத்தில் "பாதிப் பேர்" என்பது பளிச்சென்று தெரிகிறது. எவர்களில் பாதி என்பதைக் கவனித்துப் படித்தால்தான் தெரியும். மருத்துவக் கட்டுரை எதைப் படித்தாலும், முடிவை எடுத்துக்கொள்வதற்கு முன் அதில் யாரைச் சேர்த்தார்கள் என்ற பத்தியை முதலில் படியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த அக்கறையோடு படிக்கிற உங்களுக்கு அது கடினமாக இருக்காது.

உங்கள் அப்பாவின் மிகச் சிறந்த அளவே 0.02. 0.01க்குக் கீழே அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வகுத்த பரிந்துரை இன்னும் கடுமையானது: இமாட்டினிப் ஐந்து ஆண்டுகளுக்கு மேல், அதிலும் 0.01 அல்லது அதற்குக் கீழான நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல். நிறுத்திய பிறகும் முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு ஓராண்டு வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்தாக வேண்டும், 0.1ஐத் தாண்டினால் உடனே மருந்தைத் தொடங்கியாக வேண்டும். நோய் திரும்பியவர்களுக்கு மீண்டும் மருந்து கொடுத்தபோது ஏறத்தாழ எல்லோருமே பழைய நிலைக்கு வந்தார்கள் என்பது அந்த ஆய்வுகளின் மிக நல்ல செய்தி. ஆனால் மாதந்தோறும் அளந்து, ஏறியவுடன் பிடித்ததால்தான் அது முடிந்தது. எவரும் அளக்காத இடத்தில், வயிறு மறுபடி கனக்கும் வரை காத்திருந்து வருகிறவருக்கு அந்த உறுதியை அந்தக் கட்டுரைகள் தரவில்லை. நோய் முற்றிய கட்டத்துக்குப் போய்விட்டால், இதே மாத்திரையால் மட்டும் அதைத் திருப்பிக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

இனி அந்த 0.05. 0.02இலிருந்து 0.05க்குப் போனதை மட்டும் வைத்து நோய் ஏறுகிறது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு நுண்ணிய அளவில் ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் இரண்டு மடங்கு வேறுபாடு வரக்கூடும்; வேறு ஆய்வகத்தில் செய்திருந்தால் இன்னும் கூடுதலாக வரலாம். ஆனால் மாத்திரை தவறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் படிக்கும்போது என்னால் அதைச் சும்மா விட முடியவில்லை. லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரைக் குப்பிகளில், மூடி திறக்கப்படும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தி மூன்று மாதம் கவனித்து, 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஆறு ஆண்டுகளில் 0.1 என்ற அளவை எட்டுவதற்கான வாய்ப்பு 94.5 சதவீதம், தொண்ணூறும் அதற்குக் கீழுமாகச் சாப்பிட்டவர்களில் 28.4 சதவீதம். முப்பது நாளில் மூன்று மாத்திரை தவறினால் தொண்ணூறுக்கு வந்துவிடுகிறோம். நடவு ஒரு வாரம், அறுவடை ஒரு வாரம், ஒரு கல்யாணம், ஒரு திருவிழா என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் அப்பா எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். என்றாவது மருந்தை நிறுத்த வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கு உண்மையான எதிரி இந்தத் தவறிய நாட்கள்தான். ஏனென்றால், அதே ஆய்வில் பிசிஆர்-ஏபிஎல் முற்றிலும் தென்படாத நிலைக்குப் போனவர்கள் எல்லோருமே ஒழுங்காகச் சாப்பிட்ட கூட்டத்தில் இருந்தார்கள்.

அவர் ஏன் தவறவிடுகிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். கடிந்துகொள்ள வேண்டாம். மூன்று ஆண்டுகளாகத் தினமும் மாத்திரை விழுங்குகிறவரின் சலிப்பு சாதாரணமானதல்ல. பெரும்பாலும் அதற்குப் பின்னால் சொல்லாத ஒரு தொந்தரவு இருக்கும். அதிகாலையில் நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால் குமட்டும். வரப்பில் வாந்தி எடுத்தவர் அடுத்த நாள் மாத்திரையைத் தொட மாட்டார். இமாட்டினிப்பை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காலையில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்; விழுங்கியவுடன் படுக்காமல் ஒரு மணி நேரமாவது கழித்துப் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும். நாள் முழுவதும் சேற்றில் நின்றவருக்கு இரவில் கெண்டைக்கால் குரக்களி இழுப்பதும், காலையில் கண்ணிமை வீங்கியிருப்பதும் இந்த மருந்தில் வழக்கமாக வருகிறவை. இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது, மருத்துவரிடம் சொன்னால் போதும். தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அளவை மாற்றுவதையோ, டசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற வேறு மருந்துக்கு மாறுவதையோ அவர் முடிவு செய்வார். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மாத்திரை போட வேண்டாம். வழக்கமான ஒன்றே போதும்.

நம் பக்கத்துக்கு என்று ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாலை எப்போது துண்டிக்கப்படும் என்று தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரை கடந்த பிறகு எத்தனை ஊர்களில் எத்தனை நாள் மின்சாரமும் போக்குவரத்தும் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். செலவுதான் காரணம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. அது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் முதல் நாள் அந்த நிராகரிப்பை உறுதி செய்து இறுதித் தீர்ப்பு அளித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் இமாட்டினிப், முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்து விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. அன்று உலகில் பல நாடுகளின் நோயாளிகளுக்கு வாய்க்காத வசதி இது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசு மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று இருக்கும் பிரிவிலும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

சூரணத்தைப் பற்றி. உங்கள் பெரியப்பா அன்பினால் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தரப்படாத எந்தப் பொடியையும் இமாட்டினிப்போடு சேர்த்துச் சாப்பிட என்னால் சம்மதிக்க முடியாது. இமாட்டினிப்பை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். அதே வழியில் போகும் வேறு பொருள்கள் மருந்தின் அளவைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினிட்டாயின் ஆகிய இரண்டும் இமாட்டினிப்பின் அளவைப் பெரிதும் குறைத்துவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் இமாட்டினிப் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும். பம்பளிமாஸ் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். சமையலில் போடும் மஞ்சள், மிளகு, பூண்டு எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

பயிருக்கு அடித்த மருந்தால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய்க்குத் தெளிவாக நிறுவப்பட்ட புறக்காரணம் என்று சொல்லத்தக்கது அதிக அளவுக் கதிர்வீச்சு ஒன்றுதான். ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பூச்சிக்கொல்லிக்கும் வேறு சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் உண்டு, சி.எம்.எல்.லுக்கு அப்படி உறுதியாக நிறுவப்பட்ட தொடர்பு இல்லை. பெரும்பாலோருக்குக் காரணமென்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. தெளிப்பான் தூக்கும்போது முகத்தை மூடிக்கொள்வதும் முடித்தவுடன் குளிப்பதும் எல்லோரும் செய்ய வேண்டியவை, அவரும் செய்யட்டும். ஆனால் தன் கையாலேயே தனக்கு இதை வரவழைத்துக்கொண்டோம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால், அதை எடுத்துப் போடுங்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

தங்கையின் திருமணத்துக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் குரோமோசோம் மாற்றம் உங்கள் அப்பா பிறந்து வளர்ந்த பிறகு, அவருடைய மஜ்ஜையில் ஓர் அணுவில் நேர்ந்தது. அது விந்தணு வழியாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. நீங்களும் தங்கையும் இதற்காக எந்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டியதில்லை. வரன் வீட்டார் கேட்டால் இதை அப்படியே சொல்லலாம். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

இனி செய்ய வேண்டியது. இன்று முதல் ஆறு வாரம் ஒரு மாத்திரையும் தவறாமல் அப்பா சாப்பிடட்டும். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் அவரே கோடு போடட்டும். சூரணம் இந்த ஆறு வாரமும் வேண்டாம். அதன் பிறகு, 0.02 வந்த அதே ஆய்வகத்தில் மறுபடி சோதித்து, பழைய மூன்று அறிக்கைகளையும், காலியான மாத்திரை அட்டைகளையும், அந்த நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரைப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தொடரலாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் 0.1ஐத் தாண்டியிருந்தால், நோயணுக்களில் மருந்துக்குக் கட்டுப்படாத மரபணு மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை அவர் எழுதித் தருவார். அப்படி வந்தாலும் அடுத்த மருந்துகள் இருக்கின்றன. 0.01க்குக் கீழே முதல்முறை வரும் நாளைக் குறித்து வையுங்கள். நிறுத்துவதைப் பற்றிய கணக்கை அந்த நாளிலிருந்துதான் தொடங்க முடியும்.